மதுரைத் தூரிகையும் கிளிமானூர்ச் சிறுவனும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் பாட்டிமார் அடிக்கடி எடுத்துச் சொல்லும் பழமொழி. உடம்பைப் பேணச் சொல்வதற்காக எழுந்த அப்பழமொழி ஒரு சிறுவனின் வாழ்வில் சொல்லுக்குச் சொல் உண்மையாயிற்று. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் கேரளத்தில், கிளிமானூர் அரண்மனையின் வெள்ளைச் சுவர்களில் அச்சிறுவன் அடுப்புக்கரியால் யானையும் குதிரையும் எழுதி வைப்பான். வேலையாட்கள் கழுவக் கழுவ மறுபடியும் எழுதுவான். அவனுடைய தாய்மாமன் ஒரு நாள் அச்சுவரைப் பார்த்தார். அடிக்கக் கை ஓங்கவில்லை. கோடுகள் பிசகாமல் விழுந்திருப்பதைக் கண்டு, தாமே அவனுக்கு ஓவியப் பாடம் சொல்லித் தரத் தொடங்கினார். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் இந்தியா முழுவதும் புகழ் பெற்ற ஓவியர் ராஜா ரவி வர்மா.

அன்புத் தோழியரே! ரவி வர்மாவின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் இருக்கலாம். அவருடைய கைவண்ணத்தைக் காணாதவர் யாரும் இரார். தாமரை மேல் நிற்கும் இலட்சுமி, வீணை ஏந்திய சரஸ்வதி என்று நாள்காட்டிகளிலும் கடைச் சுவர்களிலும் நாம் காணும் படங்களுக்கெல்லாம் மூலம் அவர் தீட்டியவையே. ஆனால் தெய்வப் படங்கள் வரைவதற்கு முன்பே அவர் மனிதர்களின் முகங்களை எழுதிப் பேர் பெற்றவர். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் நம் நாட்டில் தோன்றிய உருவப்பட ஓவியர்களுள் அவரே தலைசிறந்தவர் எனலாம். இக்கட்டுரையில் அந்த உருவப்பட ஓவியரையே நாங்கள் முதன்மையாக அறிமுகம் செய்கிறோம். அவர் கதையில் நம் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் எங்களுக்கு ஆர்வம் இரட்டிப்பாயிற்று.

உருவப்படம் என்றால் என்ன? நம் பள்ளியின் வரவேற்பறையில் தொங்கும் சபை நிறுவிய அன்னையின் படத்தை எண்ணிப் பாருங்கள். அது வெறும் ஒரு பெண்ணின் படம் அன்று. இன்னார் என்று பெயர் சொல்லிக் கூப்பிடத்தக்க ஒருவருடைய படம். அவருடைய மூக்கும் முகவாயும் நெற்றிச் சுருக்கமும் மட்டுமன்றி, அவர் எப்படிப்பட்டவர் என்பதும் அதில் தெரிய வேண்டும். நம் ஊருக்கு இக்கலை புதிதன்று. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரும் அவர் முன்னோரும் கூப்பிய கையுடன் கல்லில் நிற்கிறார்கள். பெருத்த தொந்தியோடு நிற்கும் திருமலை மன்னரை வேறு யாராகவும் எண்ணிவிட முடியாது. அதுவும் உருவப்படமே, உளியால் எழுதிய உருவப்படம்.

எண்ணெய் வண்ணத்தில் திரைச்சீலை மேல் முகம் எழுதும் முறை மட்டும் கப்பலேறி வந்தது. 1769-இல் டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியர் சென்னைக்கு வந்து ஆர்க்காட்டு நவாபு முகமது அலியை வரைந்தார். பின்னர் தாமஸ் ஹிக்கி வந்தார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் அவருடைய மக்களின் முகங்களை எழுதினார். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இருவர் 1792-இல் நம் மதுரைக்கே வந்து கோட்டையையும் நாயக்கர் மகாலையும் வரைந்து சென்றனர். இவர்களில் பலர் நம் மன்னர்களிடமும் கம்பெனி அதிகாரிகளிடமும் பெரும்பொருள் ஈட்டித் தாயகம் திரும்பினார்கள். தொழிலின் நுணுக்கம் மட்டும் அவர்களோடேயே போயிற்று.

எண்ணெய் வண்ணத்தில் அப்படி என்ன நுணுக்கம்? நம் நாட்டு ஓவியர்கள் இலை, பூ, மரப்பட்டை, மண் ஆகியவற்றிலிருந்து வண்ணம் எடுத்துத் தண்ணீரிலும் பிசினிலும் குழைத்தார்கள். அது விரைவில் உலர்ந்துவிடும். உலர்ந்தபின் ஒன்றோடொன்று இழையாது. எண்ணெய் வண்ணமோ ஆளிவிதை எண்ணெயில் குழைப்பது. அது உலர நாட்கள் ஆகும். அதற்குள் ஒரு வண்ணத்தை மற்றொன்றோடு மெல்ல இழைத்து, கன்னத்தின் மேட்டில் வெளிச்சமும் பக்கத்தில் நிழலும் படிப்படியாக மாறுவது போலக் காட்டலாம். முகம் சுவரில் ஒட்டியது போலத் தட்டையாக இராமல் உருண்டு திரண்டு முன்னே வருவது இதனால்தான். 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் வண்ணத்தைப் பிதுக்கி எடுக்கும் உலோகக் குழாயில் அடைக்க வழி கண்டார். அக்குழாய்கள் ரவி வர்மாவின் இளமையில் திருவாங்கூரில் அரண்மனைக்கு மட்டுமே வந்து சேர்ந்த அரும்பொருள்கள்.

ரவி வர்மா 1848 ஏப்ரல் 29 அன்று பிறந்தார். கிளிமானூர், திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தாயார் உமாம்பா தம்புராட்டி கவி பாட வல்லவர். தந்தையார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழிப் புலவர். தாய்மாமன் ராஜராஜ வர்மா ஓவியர் என்று முன்னமே சொன்னோம். அவருக்கு ஓவியம் சொல்லித் தந்தவர் யார் தெரியுமா? மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு என்பவர்!

சுவாதித் திருநாள் மகாராஜா 1829 முதல் 1846 வரை திருவாங்கூரை ஆண்டவர். சங்கீதத்தில் பெரும்புலமை உடையவர். அவர் சபையில் ஓவியராக விளங்கியவர் இந்த அழகிரி நாயுடு. அக்காலத்தில் தென்னாட்டில் அவருக்கு நிகரானவர் அரியர் என்று புகழப் பெற்றார். அவரிடம் கற்றார் மாமன். மாமனிடம் கற்றார் மருமகன். ரவி வர்மா மதுரையில் ஓவியம் பயின்றார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சிறுவன் சென்று பயின்ற இடம் திருவனந்தபுரமே. மதுரைதான் அவனைத் தேடிக் கிளிமானூருக்குப் போயிருந்தது. இன்று நம் ஊரில் அழகிரி நாயுடு என்றால் யாருக்கும் தெரிவதில்லை. எங்களுக்கும் இக்கட்டுரைக்காகத் தேடிப் படிக்கும் வரை தெரியாது.

1862-இல், பதினான்காம் வயதில், ரவி வர்மாவை மாமன் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். நம்மில் பலரைவிட ஒரு வயது இளையவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆயில்யம் திருநாள் மகாராஜா சிறுவனின் திறமையைக் கண்டு மகிழ்ந்து, அரண்மனையிலேயே தங்கிப் பழக அனுமதித்தார். அரண்மனையில் மேனாட்டு ஓவியங்கள் இருந்தன. அவற்றை மணிக்கணக்கில் பார்க்கலாம். வண்ணக் குழாய்களும் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: சொல்லித் தருவார் இல்லை.

அங்கே அரண்மனை ஓவியராக இருந்தவர் இராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணக் கலையை அறிந்தவர். சிறுவனின் கையைப் பார்த்ததும், நாளை இவன் நமக்குப் போட்டியாவான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் குருவுக்குத் தெரியாமல் இரவு நேரங்களில் வந்து ரவி வர்மாவுக்குச் சில நுணுக்கங்களைக் காட்டிக் கொடுத்தார் என்று வரலாறு சொல்கிறது. பிடிபட்டால் தம் பிழைப்பே போகும் என்று தெரிந்தும் அவர் வந்தார். ரவி வர்மாவின் கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த மனிதர் இந்த ஆறுமுகம் பிள்ளைதான்.

1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவை வரையத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்றுத்தர இசையவில்லை. மகாராஜாவே கேட்டுக்கொண்டதால், தாம் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். இருபது வயது இளைஞர் கைகட்டி நின்று பார்த்தார். எந்த வண்ணத்தோடு எதைக் கலக்கிறார், நிழலை முதலில் இடுகிறாரா, வெளிச்சத்தையா, தூரிகையை எப்போது மாற்றுகிறார் என்று பார்த்ததையெல்லாம் பின்னர் தனியே செய்து பார்த்தார்; தவறினார்; மறுபடி செய்தார். பல ஆண்டுகள் இப்படியே சென்றன. கேள்வி கேட்க முடியாத மாணவராக ஒருவர் இவ்வளவு கற்றிருக்கிறார் என்பது எங்களுக்கு வியப்பாக இருக்கிறது. வகுப்பில் கையைத் தூக்கினால் ஆசிரியை அருகே வந்துவிடும் நமக்கு அந்தத் தவிப்பு முழுதும் விளங்காது.

1870-இல் அவர் மூகாம்பிகை கோயிலுக்கு யாத்திரை சென்றார். அவ்வேளையில் கோழிக்கோட்டில் நீதிபதியாக இருந்த கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோனின் குடும்பத்தை வரைந்து கொடுத்தார். கூலி பெற்று அவர் வரைந்த முதல் உருவப்படம் அதுவே. அரச குடும்பத்தோடு மண உறவு கொண்ட ஒருவர் காசுக்குப் படம் எழுதுவதா என்று அந்நாளில் முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் இந்தியா முழுவதிலிருந்தும் படம் வேண்டி வந்த கடிதங்களின் மிகுதியால் கிளிமானூரில் ஓர் அஞ்சல் நிலையமே திறக்க வேண்டியதாயிற்று என்று சொல்வார்கள்.

1873-ஆம் ஆண்டு அவருக்குப் பொன்னான ஆண்டு. சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குக் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படம் ஒன்றை அனுப்பினார். அதற்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் வியன்னா நகரக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு 'சுரபத் வாசிக்கும் தமிழ்ப் பெண்' என்ற படத்துக்கு மீண்டும் சென்னையில் தங்கப் பதக்கம். சுரபத் என்பது மடியில் சாய்த்துவைத்து மீட்டும் ஒரு தந்தி வாத்தியம். 1875-இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அப்படத்தைத் திருவாங்கூர் மகாராஜா அன்பளிப்பாக வழங்கினார். இப்படி ஒரு தமிழ்ப் பெண் இங்கிலாந்துக்கு உரியவள் ஆனாள்! அவள் யார், என்ன பெயர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

அவர் உருவப்படம் வரைந்த முறையைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். வரையப்படுபவர் நாற்காலியில் அமர்வார். வெளிச்சம் ஒரு பக்கத்துச் சாளரத்திலிருந்து மட்டும் வருமாறு பார்த்துக்கொள்வார்கள். முதலில் முகத்தின் அளவுகளைக் கோடாக இட்டுக்கொள்ள வேண்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள இடைவெளி நூலளவு தவறினாலும் வேறொருவர் முகமாகிவிடும். அடுத்து இருண்ட பகுதிகளை மெல்லிய வண்ணத்தில் நிரப்பி, அதன் மேல் நடுத்தர நிறங்களைத் தடித்து இழைத்து, கடைசியாகத்தான் மூக்கின் நுனியிலும் கண்மணியிலும் ஒளிப்புள்ளிகளை வைப்பார்கள். ஒரே நாளில் முடியாது. வரையப்படுபவர் பல நாட்கள் வந்து அமர வேண்டும். அரசர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அத்தனை பொறுமை ஏது? ஆகவே ரவி வர்மா புகைப்படங்களையும் துணைக்கு வைத்துக்கொண்டார். புகைப்படத்தில் அந்நாளில் நிறம் இல்லை. தோலின் நிறமும் பட்டின் பளபளப்பும் ஓவியரின் கண்ணிலிருந்துதான் வரவேண்டும்.

பட்டு என்றவுடன் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அவருடைய படங்களில் சரிகையை உற்றுப் பாருங்கள். தூரத்தில் நின்றால் தங்கம் ஜொலிக்கிறது. அருகே சென்றால் தங்கமே இல்லை. தஞ்சாவூர்ப் படங்களில் உண்மையான தங்கத் தகட்டை ஒட்டுவார்கள். ரவி வர்மா மஞ்சளும் பழுப்பும் வெண்மையும் மட்டும் கொண்டே தங்கத்தை உண்டாக்கிக் காட்டினார். எங்கள் ஓவிய ஆசிரியை சொன்னதன் பேரில் எங்களில் நால்வர் ஒரு சேலைக் கரையை அவ்வாறு எழுத முயன்றோம். கடுகு அரைத்துப் பூசியது போல வந்தது!

1876-இல் தீட்டிய 'துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலை' அவர் புகழை மேலும் உயர்த்தியது. சகுந்தலை புல்தரையில் படுத்தவாறு தாமரை இலையில் மடல் எழுதுகிறாள். சென்னை ஆளுநரான பக்கிங்ஹாம் பிரபு அதை வாங்கினார். வடமொழிப் பேராசிரியர் மோனியர் வில்லியம்ஸ் தம் ஆங்கில சாகுந்தல மொழிபெயர்ப்பின் முகப்பில் அப்படத்தை அச்சிட்டார். 1878-இல் அதே ஆளுநரின் உருவப்படத்தை வரையும் பணி ரவி வர்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆளுநர்களை வரைய அதுவரை ஐரோப்பியர்களையே நாடி வந்தார்கள். பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதி பெற்ற இளைஞர், பத்தே ஆண்டுகளில் ஆளுநர் முன் தூரிகையோடு நின்றார்.

1880-இல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து வந்த விசாகம் திருநாளுக்கும் ரவி வர்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அவ்வேளையில் கைகொடுத்தவர் கும்பகோணத்தில் பிறந்தவரும், முன்பு திருவாங்கூரில் திவானாக இருந்தவருமான சர் டி. மாதவ ராவ். அப்போது அவர் பரோடாவில் திவான். 1881-இல் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் அரியணைப் பொறுப்பேற்றபோது ரவி வர்மா அங்கு அழைக்கப்பட்டார். 1885-இல் மைசூர் மகாராஜா அழைத்தார். இப்பயணங்களிலெல்லாம் தம்பி சி. ராஜராஜ வர்மா உடன் சென்றார். அவரும் சிறந்த ஓவியர். குறிப்பாக நிலக்காட்சி வரைவதில் வல்லவர். பல படங்களில் முகம் அண்ணனுடையது, பின்னணி தம்பியுடையது. தம்பி ஆங்கிலத்தில் எழுதி வைத்த நாட்குறிப்பு இல்லாவிட்டால் இவர்கள் பட்ட அலைச்சல் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பரோடா மன்னருக்காகப் புராணக் காட்சிகள் பதினான்கு தீட்ட வேண்டியிருந்தது. இங்கே ஒரு சிக்கல். சீதைக்கும் தமயந்திக்கும் எந்த உடை உடுத்துவது? இந்தியா முழுவதும் ஏற்கும் உடை எது? இதைக் காணவே சகோதரர்கள் வடநாடு முழுவதும் சுற்றினார்கள். முடிவில் அவர்கள் பெரும்பாலும் தேர்ந்தது மராட்டியப் பெண்டிர் உடுத்தும் சேலைக்கட்டு. புராணப் பெண்கள் இப்படித்தான் சேலை உடுத்தியிருப்பார்கள் என்று நாம் இன்று எண்ணிக்கொள்வது பெரிதும் அவர் தூரிகையால் வந்த எண்ணம். மைசூர் மன்னருக்காக 1889-இல் அவர் தீட்டிய 'இசைக்குழு'வில் நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த பெண்கள் பதினொருவர் அவரவர் உடையில் அமர்ந்திருக்கிறார்கள். அப்படம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ளது. சுற்றுலா செல்லும் தோழியருக்கு ஓர் எச்சரிக்கை: அதே அரண்மனையில் கைவிளக்கு ஏந்திய பெண்ணின் படத்தைப் பலரும் ரவி வர்மா வரைந்தது என்பார்கள். அது ஹல்தங்கர் என்பவர் தம் மகளை முன்மாதிரியாக வைத்து நீர்வண்ணத்தில் வரைந்தது.

எங்களுக்கு மிகவும் பிடித்த படம் 1893-இல் தீட்டிய 'அதோ அப்பா வருகிறார்'. வாசலில் ஒரு தாய் குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கிறாள். வருகிறவரைக் குழந்தைக்குச் சுட்டிக் காட்டுகிறாள். காலடியில் நாய் ஒன்றும் அதே திசையில் பார்க்கிறது. அப்பா படத்திலேயே இல்லை! பார்க்கிற நாமும் ஒரு கணம் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறோம். அந்தத் தாய் ரவி வர்மாவின் மூத்த மகள் மகாபிரபா. குழந்தை அவருடைய பேரன். அவ்வாண்டு அமெரிக்காவில் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்துப் படங்கள் பரிசு பெற்றன. படங்கள்தாம் கடல் கடந்தனவே ஒழிய அவர் ஒருபோதும் கடக்கவில்லை. கடல் கடந்தால் சாதி ஆசாரம் கெடும் என்ற கட்டுப்பாடு அந்நாளில் இருந்தது.

மன்னர்களின் மாளிகையில் தொங்கும் படத்தை ஏழைகள் எப்படிப் பார்ப்பது? இதற்கு வழியாக, படங்களை வண்ண அச்சில் வெளியிட்டால் நாட்டுக்கே தொண்டாகும் என்று மாதவ ராவ் முன்னமே ஆலோசனை கூறியிருந்தார். 1894-இல் ரவி வர்மா பம்பாயில் கல் அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் வல்லுநர்களும் வந்தனர். கல் அச்சு என்பது எளிய தத்துவம்: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா. வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடம்வலம் மாற்றி எழுதுவார்கள். கல்லை ஈரமாக்கி மையை உருட்டினால் மை எழுதிய இடத்தில் மட்டும் பிடிக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். பல நிறமுள்ள படத்தைப் பல கற்களில் மாறி மாறி, இம்மியும் பிசகாமல் அச்சிட வேண்டும். நம் கத்தோலிக்க வீடுகளில் தாத்தா காலத்திலிருந்து தொங்கும் திரு இருதய ஆண்டவர் படங்களும் ஐரோப்பாவில் இம்முறையில் அச்சாகிக் கப்பலில் வந்தவையே.

அச்சகத்தால் ரவி வர்மாவுக்குக் கடன்தான் மிஞ்சியது. பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அச்சகம் லோனாவாலா அருகே மளவ்லிக்கு மாற்றப்பட்டது. கடைசியில் ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார். பின்னாளில் இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்பட்ட பால்கே அவ்வச்சகத்தில் வேலை பார்த்தவர். 1972-இல் அது தீக்கிரையாயிற்று.

ஆனால் அச்சான படங்கள் ஊரூராகப் போய்ச் சேர்ந்தன. காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் அவை இன்றும் தொங்குகின்றன. சிலவற்றில் வீட்டுப் பெண்கள் படத்துச் சேலையின் மேல் உண்மையான துணியும் சரிகையும் ஜிகினாவும் ஒட்டித் தைத்திருப்பார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்து, சிவகாசி அச்சகங்களுக்குத் தெய்வப் படங்கள் எழுதித் தந்த கொண்டையராஜுவும் இந்த வழியில் வந்தவரே. இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் முதலியோருடன் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே தெய்வத்தின் திருவுருவத்தைச் சாதி கேட்காமல் யார் வீட்டுக்குள்ளும் கொண்டு வந்தது இந்த அச்சுக் காகிதம். வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு அது எத்தகைய பொருளாக இருந்திருக்கும்!

ரவி வர்மாவைக் குறை கூறியவர்களும் உண்டு. ஆனந்த குமாரசாமி அவர் படங்களில் நாடக மேடையின் வாடைதான் வீசுகிறது, இந்தியக் கலையின் உள்ளம் இல்லை என்ற கருத்தினர். சகோதரி நிவேதிதை, சகுந்தலை தரையில் நீட்டிப் படுத்துக் கடிதம் எழுதுவது பண்பாடன்று என்று கண்டித்தார். இதைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒரு விவாதமே நடந்தது. முதல் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. புராணப் படங்களில் சிலர் கையை உயர்த்தி நிற்பது நாம் ஆண்டு விழாவில் நடிப்பது போலத்தான் இருக்கிறது. மேனாட்டு முறையை அப்படியே எடுத்ததால் நம் சுவரோவியங்களின் கோட்டழகு அவரிடம் இல்லை. இரண்டாவது குற்றச்சாட்டை நாங்கள் ஏற்கவில்லை. வீட்டில் தரையில் குப்புறப் படுத்துத்தான் நம்மில் பாதிப் பேர் வீட்டுப்பாடம் எழுதுகிறோம். மனிதரைப் பார்த்து எழுதிய உருவப்படங்களில் நாடகத்தனம் இல்லை என்பதே எங்கள் முடிவு. அவற்றில் அவர் எதிரே இருந்தவரைக் கண்டார், கண்டதை எழுதினார்.

1904-இல் அரசு அவருக்குக் கைசர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் வழங்கியது. அப்போது எழுதப்பட்ட பெயர்தான் 'ராஜா' ரவி வர்மா. அவர் நாடாண்ட அரசர் அல்லர். தாய்மாமன் ராஜராஜ வர்மாவின் பெயரைச் சேர்த்து எழுதும் வழக்கத்தால் நேர்ந்த குழப்பம் அது என்பார்கள். 1905 தொடக்கத்தில் தம்பி இறந்தார். ஆருயிர்த் துணையை இழந்த அண்ணன் 1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரில் உயிர் நீத்தார். 1971-இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. 1979-இல் அவர் படைப்புகள் நாட்டின் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றை வெளிநாட்டுக்கு விற்று அனுப்பக்கூடாது. 2013-இல் புதன் கோளில் உள்ள ஒரு பள்ளத்துக்கு வர்மா என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இனி நாங்கள் முன்பு சொல்லாமல் விட்ட செய்தி. சுரபத் வாசித்த பெண், கூந்தலில் பூச்சூடிய பெண், சீதையாகவும் தமயந்தியாகவும் அமர்ந்த பெண்கள் என்று இப்படங்களில் எத்தனை முகங்கள்! மன்னர்களின் படத்துக்குக் கீழே பெயர் உண்டு. இவர்களில் மிகப் பலருக்குப் பெயர் இல்லை. அந்நாளில் ஓர் ஆண் ஓவியர் முன் நாட்கணக்கில் அமர்வது ஒரு பெண்ணுக்கு எளிதன்று. பழிச்சொல் கேட்க வேண்டியிருக்கும். அமர்ந்தவர்கள் அதையும் தாங்கித்தான் அமர்ந்திருப்பார்கள்.

கிளிமானூர் அரண்மனையிலேயே இன்னொரு பெண் இருந்தார். ரவி வர்மாவின் தங்கை மங்களாபாய் தம்புராட்டி. அவரும் அதே குடும்பச் சூழலில் வளர்ந்து எண்ணெய் வண்ணத்தில் ஓவியம் தீட்டியவர். அண்ணனும் தம்பியும் பரோடாவுக்கும் மைசூருக்கும் பம்பாய்க்கும் இரயிலேறிப் போனார்கள். அரண்மனைப் பெண்ணுக்கு அந்த வழி திறக்கவில்லை. பிறர் முகங்களைத் தேடி அவர் எங்கும் போக முடியாது. வீட்டில் இருந்த முகங்களைத்தான் எழுத முடியும். அவர் தீட்டிய படங்களுள் ஒன்று ரவி வர்மாவின் உருவப்படம். ஊரார் முகங்களையெல்லாம் எழுதிய அண்ணனின் முகத்தைத் தங்கை எழுதினாள்.